புஸ்ஸுன்னு முடியற விசில்

தம்பி: ஷ்ஷ்... அசையாத. இப்போ மறுபடி அடிக்கும் பாரு.

அக்கா: எறும்பு ஏறுதுடா கால்ல...

தம்பி: ஏறட்டும். எறும்பு சத்தம் போடாது, நீதான் போடுற.

அக்கா: விடிஞ்சும் விடியாம எழுப்பி, பல்லைக்கூட ஒழுங்கா தேய்க்க விடாம, இந்தப் பலகைக் கூண்டுக்குள்ள கொண்டாந்து அடைச்சுட்டு...

தம்பி: கூண்டு இல்லக்கா, மறைவுக் குடில். பறவைங்களுக்குத் தெரியாம நாம அதுங்களைப் பாக்கற இடம்.

அக்கா: ஓட்டை வழியா எட்டிப் பாக்கறதுக்கு இப்படி ஒரு கௌரவமான பேரா? நம்ம தெருவுல செஞ்சா அடி பின்னிடுவாங்க.

தம்பி: பேசாம அங்க பாரு. சேத்துல ஒத்தக் கால்ல நிக்குதே, தெரியுதா?

அக்கா: எது, அந்தக் குச்சியா?

தம்பி: குச்சியா! கொக்குக்கா அது! கண்ணாடிக் கடையில வேலை பாக்கற, ஊருக்கே பவர் பாத்துச் சொல்ற...

அக்கா: ஊருக்குப் பாத்துப் பாத்தே என் கண்ணு போச்சு. சரி, குட்டி... நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

தம்பி: நேத்து படகுல ஏறினதுல இருந்து இதையேதான் சொல்ற. 'ஒண்ணு சொல்லணும், ஒண்ணு சொல்லணும்'... சொன்னபாட்டைக் காணோம்.

அக்கா: நீ சொல்ல விட்டாத்தானே? வாயைத் தொறந்தா 'அதோ நீர்க்காகம்', 'இதோ உள்ளான்'...

தம்பி: இப்ப சொல்லு. கேக்கறேன்.

அக்கா: அது... அம்மா இருக்காங்கல்ல...

தம்பி: இருக்காங்க. தெரியும். நம்ம அம்மாதான்.

அக்கா: கிண்டல் பண்ணாத. அம்மா இத்தனை வருஷமா தனியாவே... அதாவது, நாம ரெண்டு பேரும் வளந்துட்டோம், இல்லையா...

தம்பி: ஷ்ஷ்ஷ்! வந்துருச்சு! மேல, மேல... காஞ்ச கிளையில! கறுப்பா, வால் கத்திரிக்கோல் மாதிரி! கரிச்சான்!

அக்கா: இதுக்கா இந்தப் பாடு? காக்கா வாலை யாரோ வெட்டி விட்ட மாதிரி இருக்கு.

தம்பி: வாயை மூடு, காதைத் தொற.

அக்கா: ...

தம்பி: கேட்டியா? கேட்டியா! ஃபி, ஃபீ, ஃபீஈ... கொஞ்சம் நிறுத்தி... ஃபியூஊ... அப்புறம் கடைசியில அந்த புஸ்ஸு!

அக்கா: ...

தம்பி: அந்த புஸ்ஸுதான்க்கா மேட்டரே! காத்துப் போன பலூன் மாதிரி. எந்தப் பறவையும் அப்படி முடிக்காது. எங்க பறவை பாக்கற குரூப்ல ஒருத்தர் இதைப் பதிவு பண்ணிப் போட்டதுல இருந்து ஒரே சண்டை. ஒருத்தர் புது இனம்ங்கறார், ஒருத்தர் தவளைங்கறார், இன்னொருத்தர் 'பின்னாடி யார் வீட்டுலயோ குக்கர் வெச்சிருக்காங்க'ங்கறார்... அக்கா? என்னக்கா, மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?

அக்கா: மறுபடி அடிக்குமா அது?

தம்பி: அடிக்கும். அதுக்கு வேற வேலை இல்ல. ஏன்?

அக்கா: சும்மா... கேட்டேன். அது அதோட சொந்தக் குரலா?

தம்பி: அங்கதான் இருக்கு விஷயம்! கரிச்சானுக்குச் சொந்த சரக்கு கம்மி. பாதி திருட்டுதான். பருந்து மாதிரி கத்தும், பூனை மாதிரி கத்தும், எதைக் கேக்குதோ அதை அப்படியே அடிக்கும்.

அக்கா: அப்போ இதை யாரோ... எதுவோ அடிச்சு, அது கேட்டிருக்கணும்.

தம்பி: பல தடவை கேட்டிருக்கணும். யாருகிட்ட இருந்து? எது அப்படி அடிக்குது? உனக்கு என்ன தோணுது? கேட்டதும் ஏதாவது ஞாபகம் வருதா? யாராவது?

அக்கா: எனக்கா? எனக்கு ஏன் வரணும்? தண்ணி குடு.

தம்பி: பையில இருக்கு.

அக்கா: என்னடா வெச்சிருக்க, கல்லா? இவ்ளோ கனமா... ஸ்பீக்கர்! டேய், படகுத்துறையில எவ்ளோ பெரிய போர்டு இருந்துச்சு, 'ஒலிபெருக்கி கூடாது'ன்னு!

தம்பி: இங்க யாரு போடப்போறா? சும்மா கெடக்கட்டும். தேவைப்படும்.

அக்கா: தீவுல எதுக்குத் தேவைப்படும்?

தம்பி: அச்சோ, பறந்துருச்சு பாரு. உன்னாலதான்.

அக்கா: சரி, நான் போன் பேசிட்டு வந்துடறேன். சிக்னல் எங்க கெடைக்கும்?

தம்பி: தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒரு பாறை. அதுக்கு மேல ஏறினா மட்டும்தான். இடது பக்கம் பாசி, வழுக்கும்.

அக்கா: மொதல் தடவை வர்றேன்னு சொன்ன? பாசி வரைக்கும் தெரியுது?

தம்பி: மேப்புல இருந்துச்சு.

அக்கா: மேப்புல பாசி இருக்குமா?

தம்பி: நல்ல மேப்புல இருக்கும். போ போ.

*

அக்கா: ஹலோ? அம்மா? கேக்குதா? இப்போ...? இரு, இரு... இப்போ கேக்குதா? ஒத்தக் கால்ல நிக்கறேன்மா, அப்பத்தான் சிக்னல் வருது.

அம்மா: சொல்லிட்டியா?

அக்கா: மொதல்ல 'சாப்பிட்டியா'ன்னு கேக்க மாட்டியா?

அம்மா: சாப்பிட்டியா? சொல்லிட்டியா?

அக்கா: இன்னும் இல்லம்மா...

அம்மா: அடிப்பாவி! நாங்க மத்தியானப் படகுக்குக் கிளம்பணும்டி! மாஸ்டர் அங்க சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு இருக்கார். ரெண்டாவது சட்டை. மொதல் சட்டையைக் கருக்கிட்டாராம்.

அக்கா: அவ்ளோ பயமா அவருக்கு?

அம்மா: நீச்சல் குளத்துல இத்தனை பசங்களை மேய்க்கறவர்தான். நம்ம ஒரு பையனை நினைச்சா அவருக்கு உதறுதாம். எனக்கும்தான்.

அக்கா: நான் சொல்லிடறேன்மா. அவன் என்ன சின்னப் பிள்ளையா? காலேஜ் முடிக்கப்போறான். புரிஞ்சுக்குவான்.

அம்மா: புரிஞ்சுக்கலன்னா இந்தக் கல்யாணம் கிடையாது. மாஸ்டர்கிட்ட மொதல் நாளே சொல்லிட்டேன். அந்தப் பய சரின்னு சொன்னாத்தான்... இப்பல்லாம் என்கிட்ட மூஞ்சி குடுத்தே பேசறதில்லடி. கேட்டதுக்குப் பதில், அவ்வளவுதான். ஏதாவது தெரிஞ்சிருக்குமோ?

அக்கா: பரீட்சை டென்ஷன்மா. தெரிஞ்சா சும்மா இருக்கற ஆளா அவன்? வாயில எதுவும் நிக்காது.

அம்மா: அதுவும் சரிதான்.

அக்கா: ஆனா சனிக்கிழமை தையல் கிளாஸ்னு நீ சொல்லிட்டுப் போறதை மட்டும் நல்லா கிண்டல் பண்றான். ஒரு தலையணை உறையாவது வாங்கிட்டு வந்து 'நான் தைச்சேன்'னு காட்டியிருக்கலாம்ல?

அம்மா: பொய்க்கு மேல பொய் வேற சொல்லணுமா?

அக்கா: அப்புறம்மா... ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. இங்க ஒரு பறவை... அப்பா விசிலை அடிக்குது.

அம்மா: ...

அக்கா: தெருமுனையில லாரியை நிறுத்திட்டு அடிப்பாரே, அதேதான். அம்மா? லைன்ல இருக்கியா?

அம்மா: கடைசியில புஸ்ஸுன்னு முடியுதா?

அக்கா: ஆமா! உனக்கெப்படி...

அம்மா: அது நான்தான்.

அக்கா: எது நீதான்?

அம்மா: அந்த புஸ்ஸு. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்குல்ல, காத்து போயிடுது. எத்தனை தடவை அடிச்சாலும் கடைசியில போயிடுது.

அக்கா: அம்மா... நீ விசில் அடிப்பியா?

அம்மா: ஏன், அடிக்கக் கூடாதா?

அக்கா: இல்ல... நீ வாயைக் குவிச்சு நான் பாத்ததே இல்லையே!

அம்மா: சனிக்கிழமை சனிக்கிழமை அந்தத் தீவுக்கு எதுக்குப் போறோம்னு நினைச்ச? கொக்கு பாக்கவா? வீட்ல ஊதினா அவனுக்குக் கேட்டுடும். நீச்சல் குளத்துல ஊதினா பசங்க எல்லாரும் கிளாஸ் முடிஞ்சுருச்சுன்னு தண்ணியை விட்டு ஏறி வந்துடறாங்க. ஒரு நாள் அப்படித்தான் ஆச்சு.

அக்கா: ஐயோ... அம்மா...

அம்மா: சிரிக்காதடி. நான் என்ன பண்றது? உனக்காவது அப்பா இருந்தார். மொட்டைமாடிக்கு ஓடுவ, பதில் விசில் அடிப்ப, லாரியில ஏறி உக்காந்துக்குவ. அவர் போய்ச் சேந்தப்போ அவனுக்கு நடக்கவே வரல. அவனுக்குன்னு குடுக்க என்கிட்ட என்ன இருக்கு? ஒரு போட்டோ. அதுலயும் மனுஷன் கண்ணை மூடிட்டு இருக்கார். குரலைக்கூட யாரும் பிடிச்சு வெக்கல. அந்த விசில் மட்டும் எனக்குள்ள அப்படியே கெடக்கு. வாய்க்குத்தான் வரல. குளத்து டிக்கெட் கவுன்ட்டர்ல கூட்டம் இல்லாதப்போ உக்காந்து ஊதி ஊதிப் பாப்பேன். மாஸ்டர் பாத்துட்டு, 'என்ன மேடம், காபி ஆத்தறீங்களா'ன்னார். அப்படித்தான் பேச்சே ஆரம்பிச்சுது.

அக்கா: அவருக்குத் தெரியுமா, அது அப்பாவோடதுன்னு?

அம்மா: மொதல்லயே சொல்லிட்டேன். 'அப்போ ஏனோதானோன்னு அடிக்கக் கூடாது, ஒழுங்கா வரணும்'னார். நாக்கை எங்க வெக்கணும், உதட்டை எப்படிக் குவிக்கணும்... பொறுமையான மனுஷன்டி.

அக்கா: நீ கத்துக்கறதுக்குள்ள அந்தப் பறவை கத்துக்கிச்சு!

அம்மா: அதுக்குப் பல்லு இல்ல. ஆனா என் புஸ்ஸையும் சேத்துத்தானே கத்துக்கிச்சு, லூசு... இங்க பாரு. கல்யாண விஷயத்தை நீ சொல்லு. விசிலைப் பத்தி மூச்சு விடாத. அதை நானே அவன் முன்னாடி... ஹலோ? ஹலோ?

அக்கா: காலு வலிக்குதும்மா, வெக்கறேன்!

*

தம்பி: இவ்ளோ நேரம் யாருகிட்ட? உன் கண்ணாடிக் கடை முதலாளியா?

அக்கா: ஆமா. லீவு நாள்லயும் விட மாட்டேங்கறார். எங்கடா போறோம்?

தம்பி: தீவைச் சுத்தி ஒரு ரவுண்டு. கால் வெக்கற இடத்தைப் பாத்து வை, அதெல்லாம் மூச்சு வேர்.

அக்கா: சேத்துல யாரோ பென்சில் நட்டு வெச்ச மாதிரி இருக்கு!

தம்பி: மரம் அது வழியாத்தான் மூச்சு விடுது. சேத்துக்குள்ள காத்து இல்லல்ல? அதான் மூக்கை மேல நீட்டிக்கிச்சு. அங்க பாரு, அங்க பாரு, மீன் நடக்குது!

அக்கா: போடா... ஐயோ, ஆமா! நடக்குது! கண்ணு மண்டை மேல இருக்கு!

தம்பி: எப்படி! இதுக்குத்தான் வாடான்னு... வாக்கான்னு கூப்பிட்டேன்.

அக்கா: அங்க என்ன கயிறு கட்டியிருக்கு?

தம்பி: அதைத் தாண்டக் கூடாது. ஆலாப் பறவை முட்டை வெச்சிருக்கு. வெறும் மணல்ல.

அக்கா: எங்க? கூழாங்கல்தான் கெடக்கு.

தம்பி: அந்தக் கூழாங்கல்லுதான் முட்டை. உத்துப் பாரு.

அக்கா: ...அட! எத்தனை இருக்கு! இத்தனை நேரம் கண்ணுக்கு நேராவே இருந்திருக்கு!

தம்பி: கண்ணுக்கு நேரா இருக்கறதுதான்க்கா தெரியாது. அம்மா தையல் கிளாஸ் மாதிரி.

அக்கா: என்ன... தையல் கிளாஸுக்கு என்ன?

தம்பி: எத்தனை மாசமா போறாங்க? ஒரு பட்டன் தைக்கச் சொன்னேன், 'கடையில குடு'ங்கறாங்க.

அக்கா: இப்பத்தான் அடிப்படை எல்லாம்... ஊசி, நூல்...

தம்பி: ஊசி, நூல். சரி.

அக்கா: இந்தச் சங்கு நகருதுடா!

தம்பி: சங்கு இல்ல, உள்ள நண்டு. அது வளர வளர சங்கு பத்தாது. வேற காலிச் சங்கு தேடிப் போயிடும்.

அக்கா: ஓ... பாரு குட்டி, ஒரு நண்டு கூட... இருந்த இடத்துலயே இருக்கறதில்ல. தனியா எவ்ளோ நாள்தான்... புதுசா ஒரு வீடு, ஒரு துணை...

தம்பி: அக்கா.

அக்கா: ம்?

தம்பி: நண்டை வெச்சு என்னத்தையோ சொல்ல வர்ற.

அக்கா: இல்லையே...

தம்பி: நண்டுக்குத் துணையெல்லாம் வேண்டாம், சங்கு போதும். நேரா சொல்லு.

அக்கா: அம்மா ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்காங்க. நீ சரின்னு சொன்னா மட்டும். அம்மா வேலை பாக்கற நீச்சல் குளத்துல மாஸ்டர். பசங்களுக்கு நீச்சல் சொல்லித் தர்றார். நான் ரெண்டு மூணு தடவை பாத்துப் பேசியிருக்கேன், நல்ல மாதிரி. மத்தியானப் படகுல அம்மாவோட வர்றார், உன்னைப் பாக்க. ஏதாவது பேசேன்டா.

தம்பி: தொப்பி போடுவாரா?

அக்கா: என்னது?

தம்பி: பெரிய தொப்பி.

அக்கா: போடுவார்... உனக்கெப்படித் தெரியும்?

தம்பி: நாள் பூரா வெயில்ல நிக்கறவர். தொப்பி போடாமலா இருப்பார்? விசில் அடிப்பாரா?

அக்கா: நீச்சல் மாஸ்டர்னா விசில் இல்லாமலா?

தம்பி: அதானே.

அக்கா: என்ன அதானே? கோவமா?

தம்பி: எனக்கு எதுக்குக் கோவம்? அவங்கவங்க வாழ்க்கை.

அக்கா: இப்படிச் சொன்னா கோவம்னுதான் அர்த்தம்.

தம்பி: சரி, நேரா சொல்லட்டுமா? வேண்டாம். எனக்கு அவர் வேண்டாம்.

அக்கா: பாக்காமலேயா?

தம்பி: பாக்காமலேதான். அப்பாவையே பாத்த ஞாபகம் இல்ல, இவரைப் பாத்து என்ன ஆகப்போகுது? உனக்குத் தெரியாதுக்கா. உனக்கு லாரி இருக்கு, மொட்டைமாடி இருக்கு, 'அப்பா அப்படிச் சிரிப்பார், இப்படித் தும்முவார்'னு ஆயிரம் இருக்கு. எனக்கு ஒரு போட்டோ. போட்டோ சத்தம் போடாது. இருந்த அந்த இடமும் காலியா இருக்கட்டும்னு பாத்தா, அதுலயும் யாரோ ஒருத்தர் வந்து உக்காந்து... அவரோட... தூ! மறுபடி ஆரம்பிச்சுருச்சு பாரு அது!

அக்கா: டேய், மணலை ஏன்டா எறியற?

தம்பி: வாயை மூடு சனியனே! போ!

அக்கா: அதைக் கேக்கத்தானே என்னை இழுத்துட்டு வந்த? காலையில குதிச்ச?

தம்பி: எனக்கு அந்தச் சத்தமே புடிக்கல! கேட்டாலே பத்திக்கிட்டு வருது!

அக்கா: குட்டி, எறியாதடா... அது அப்பாடா!

தம்பி: என்னது?

அக்கா: அது அப்பா விசில். தெருமுனையில லாரியை நிறுத்திட்டு, இறங்கறதுக்கு முன்னாடியே அடிப்பார். 'வந்துட்டேன்'னு அர்த்தம். நான் மொட்டைமாடியில இருந்து பதில் அடிப்பேன். அச்சு அசலா அதேதான். காலையில கேட்டதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

தம்பி: அப்போ... அது அவரோடது இல்லையா?

அக்கா: எவரோடது?

தம்பி: இல்ல... பறவையோடது. பறவையோடது இல்லையான்னு கேட்டேன்.

அக்கா: பறவை அம்மாகிட்ட இருந்து கத்துக்கிச்சு. மூச்சு விடாதன்னாங்க, விட்டுட்டேன். தையலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சனிக்கிழமை தோறும் இங்க வந்து உக்காந்து ஊதிப் பழகினாங்க. உனக்கு ஒரு தடவை கேக்க வெக்கணும்னு. அப்பாவோடதுன்னு உனக்குக் குடுக்க அவங்ககிட்ட இருந்தது அது ஒண்ணுதான்.

தம்பி: அம்மாவுக்கு விசில் வராதே.

அக்கா: வராது. அவர்தான் சொல்லிக் குடுத்தார்.

தம்பி: யாரோடதுன்னு அவருக்குத் தெரியுமா?

அக்கா: தெரியும்.

தம்பி: தெரிஞ்சுமா சொல்லிக் குடுத்தார்?

அக்கா: தெரிஞ்சதாலதான்டா. 'ஏனோதானோன்னு அடிக்கக் கூடாது'ன்னாராம். டேய். என்ன, தலையைக் குனிஞ்சுட்ட? குட்டி?

தம்பி: ஒண்ணும் இல்ல. மணல் பட்டுடுச்சு கண்ணுல. நான் எறிஞ்சதுதான்.

அக்கா: காட்டு.

தம்பி: வேண்டாம். அக்கா... அந்த புஸ்ஸு? அதுவும் அப்பாவா?

அக்கா: இல்ல, அது அம்மா. பல்லு சந்து.

தம்பி: அப்போ அது இல்லாம... ஃபி, ஃபீ, ஃபீஈ... ஃபியூஊ... அவ்வளவுதானா? அப்படித்தான் அடிப்பாரா? சத்தமாவா, மெதுவாவா? கையை வாயில வெச்சா, வெக்காமலா?

அக்கா: கையெல்லாம் வெக்க மாட்டார். ஸ்டியரிங்ல இருக்கும் கை. தெருவே திரும்பிப் பாக்கும், அவ்ளோ சத்தமா. நாய்ங்க எல்லாம் எழுந்து நிக்கும்.

தம்பி: நாய்ங்க கூடவா! அப்புறம்? நீ பதில் அடிப்பேன்னியே, அது எப்படி?

அக்கா: எத்தனை வருஷம் ஆச்சு... வருமான்னு தெரியல. ரெண்டே சத்தம்தான். ஃபீ... ஃபூ. 'வா'ன்னு.

தம்பி: இன்னொரு தடவை.

அக்கா: ஃபீ... ஃபூ.

தம்பி: ஃபீ... ஃப்... சே.

அக்கா: உதட்டை நனைச்சுக்கோ.

தம்பி: ஃபீ... ஃபூ! வந்துச்சா? இப்படியா?

அக்கா: ...ஆமாடா. அப்படியேதான்.

*

தம்பி: படகு வருது பாரு. முனையைத் திரும்பிடுச்சு.

அக்கா: எனக்குப் புள்ளியாத்தான் தெரியுது. அம்மா இருக்காங்களா?

தம்பி: முன்னாடி உக்காந்திருக்காங்க. பச்சைப் புடவை. பக்கத்துல ஒரு தொப்பி. எழுந்து நிக்குது... படகுக்காரர் கத்தறார்... உக்காந்துடுச்சு.

அக்கா: பதட்டமா இருப்பார் பாவம். குட்டி, நீ இன்னும் ஒண்ணுமே சொல்லல. அம்மாகிட்ட என்ன சொல்லப்போற?

தம்பி: இந்தா, இந்த ஸ்பீக்கரை உன் பையில போட்டுக்கோ.

அக்கா: என் பையில எதுக்குடா?

தம்பி: போட்டுக்கோன்னா போட்டுக்கோ. அடியில போடு. துண்டால மூடு.

அக்கா: என்னமோ பாம் மாதிரி குடுக்கற... ஏய், அம்மா என்னவோ பண்றாங்க. வாய்கிட்ட கை கொண்டு போறாங்களா?

தம்பி: கை இல்ல, புடவைத் தலைப்பு. உதட்டைத் துடைச்சுக்கறாங்க. ஷ்ஷ்... அசையாத.

அக்கா: இஞ்சின் சத்தத்துல எங்க கேக்...

தம்பி: கேட்டுச்சு! கேட்டுச்சுக்கா! ஃபி, ஃபீ, ஃபீஈ... ஃபியூஊ...

அக்கா: புஸ்ஸு!

தம்பி: புஸ்ஸும் வந்துச்சு!

அக்கா: அடப்பாவி, கரிச்சான் முந்திக்கிச்சு! நமக்கு முன்னாடி அது பதில் குடுக்குது!

தம்பி: அது தப்பான பதில். அதுவும் 'வந்துட்டேன்'ங்குது. நகரு, நகரு... ஃபீ... ஃபூ!

அக்கா: இன்னும் சத்தமா.

தம்பி: ஃபீஈ... ஃபூஊ!

அக்கா: அம்மா வாயைப் பொத்திக்கிட்டாங்கடா...

தம்பி: தொப்பியைக் கழட்டிட்டார் அவர். வழுக்கை!

அக்கா: மெதுவா பேசு, கிட்ட வந்துட்டாங்க!

அம்மா: யாருடா அது பதில் அடிச்சது? நீயா? அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாளா? மூச்சு விடாதன்னு சொன்னேனே!

தம்பி: அவ சொல்றதுக்கு முன்னாடியே தெரியும்மா. போன மாசம் குரூப்போட நானும் இங்க வந்தேன். அந்தப் பதிவு வேற யாரோடதும் இல்ல, என்னோடதுதான். புதுப் பறவைன்னு குதிச்சு, அதைத் தேடிட்டே போனா, அங்க பெஞ்சுல நீ உக்காந்து ஊதற, பக்கத்துல இவர் கை தட்டறார். இவரோட விசில்னு நினைச்சுட்டேன்மா... அக்காவுக்குத் தெரியுமான்னு பாக்கத்தான் கூட்டிட்டு வந்தேன். சனிக்கிழமைன்னா நீங்க எப்படியும் வருவீங்கன்னு ஸ்பீக்கர் கூட எடுத்துட்டு வந்தேன், இதே படகுத்துறையில உங்க ரெண்டு பேர் முன்னாடியும் அந்தப் பதிவை அலற விட்டு மானத்தை வாங்கணும்னு. இப்போ அது அக்கா பையில இருக்கு, துண்டுக்கு அடியில. சார், கையைக் குடுங்க, அந்தப் பலகை வழுக்கும்... பிடிச்சுக்கோங்க, நல்லா. உங்களை ஒண்ணு கேக்கணும். போன மாசத்துல இருந்து மனசுக்குள்ள உங்களைத் 'தொப்பி'ன்னுதான் கூப்பிட்டுட்டு இருக்கேன். இனிமே அது நல்லா இருக்காது. மாஸ்டர்னா தண்ணியில குதிக்கச் சொல்லிடுவீங்களோன்னு இருக்கு, அங்கிள்னா எதிர் வீட்டுக்காரர் மாதிரி இருக்கு, அப்பாங்கறது... அது அந்த விசிலோடயே இருக்கட்டும். ஆனா நீங்களும் வரணும், வீட்டுக்கு. அப்போ வாசல்ல நின்னு நான் உங்களை என்னன்னு கூப்பிடறது... நீங்க என்ன நினைக்கிறீங்க?